அவரைக் கொடியில் அசுவினி: நான் விரட்டிய விதம்

மாடியில் வைத்த அவரையின் கொழுந்து முழுக்கக் கருப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கிடந்தது. நசுக்கினால் மறுநாளே மறுபடி கூட்டம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பூச்சியின் பின்பக்கத்திலிருந்து குட்டி ஒன்று காலை உதைத்தபடி வெளியே வந்துகொண்டிருந்தது! முட்டை கிடையாது, ஆணும் தேவையில்லை. பிறக்கும்போதே அந்தக் குட்டியின் வயிற்றில் அடுத்த தலைமுறைக் கரு வளரத் தொடங்கியிருக்கும். வியந்து நின்றுவிட்டேன்.

சரி, அதன் அளவில் யோசித்துப் பார்த்தேன். 2 மில்லிமீட்டர் உடம்பைவிடப் பெரிய மழைத்துளிகள்கூட உண்டு. ஆனால் மெழுகுத் தோலில் வெறும் தண்ணீர் ஒட்டாது. சோப்பு சேர்ந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து உடம்பெங்கும் பரவும். அதனால் முதலில் பைப்பால் வேகமாகப் பீய்ச்சி உதிர்த்தேன். அப்புறம் சாயங்காலத்தில், 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தேன்.

எறும்பைத் தடுப்பதுதான் முக்கியம். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அது காவல் நின்று, அசுவினியைத் தின்னும் பொறிவண்டை விரட்டும். பந்தல் காலில் கிரீஸ் தடவினேன். குட்டி முதலை மாதிரி பொறிவண்டுப் புழுக்கள் வந்ததும் தெளிப்பதை நிறுத்திவிட்டேன். மிச்சத்தை அவை தின்று தீர்த்தன.