"புக்ல போட்டிருக்கு காக்கா!": பழைய டைகாஸ்ட் (உலோகத்துல வார்த்த பொம்மை) கார் சேக்கறவுக புக்க வச்சுப் பண்ற தப்புக

போன மாசம் பெரியபட்டினத்துலேர்ந்து ஒரு தம்பி கீழக்கரைக்கு என் வீட்டுக்கு வந்தான், கைல ஒரு செருப்பு டப்பா, உள்ள பழைய மேட்ச்பாக்ஸ் பொம்மை வண்டி அஞ்சு, பழந்துணில சுத்தி வச்சிருந்தான். உக்காரக்கூட இல்ல, போனை நீட்டி, எந்த வண்டி எந்தக் கலர்ல வந்துச்சு, என்ன விலைன்னு போடற ஒரு கேட்டலாக் புக் பக்கத்தோட போட்டோவக் காட்டிட்டு "காக்கா, இது ரேர் கலராம், புக்ல போட்டிருக்கு, எவ்ளோ போவும்?"னு கேக்குறான். (எங்க பக்கம் காக்கான்னா அண்ணன்.) நான் பதில் சொல்லாம டீ போடப் போயிட்டேன். ஏன்னா இதே வார்த்தைய பதினோரு வருஷம் முன்னாடி நான் ஒருத்தர்ட்ட சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன்.

நம்ம கடற்கரைப் பக்கம் இந்த வண்டிக கிடைக்கிறதுக்குக் காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சபுராளிக வீடு. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர்னு போனவுக பொட்டில அத்தரு, சோப்புக்கு நடுவுல பிள்ளைகளுக்கு ரெண்டு காரு வச்சுக் கொண்டாந்தாக. அந்தப் பிள்ளைகளுக்கு இப்ப பேரன் பேத்தி ஆச்சு, பொட்டிக மட்டும் பரண்ல அப்டியே கெடக்கு. அதனால இங்க சரக்குக்குக் கொறைச்சல் இல்ல, அதப் படிக்கத் தெரிஞ்சவுகதான் கம்மி.

வண்டிய துணிசோடா போட்டுக் கழுவாதீங்க, அட்டைப்பெட்டிய தூக்கி எறியாதீங்க, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது தெரியாதவுக இதப் படிக்கவே மாட்டாக. புக்கு விஷயத்துக்கு மட்டும் வர்றேன்.

கார வாங்கிட்டு அப்புறமா புக்கு தேடறது

தலைகீழ். முதல் பத்து காருக்குச் செலவழிக்கிற காசுல ஒரு நல்ல புக்கு வாங்கிருங்க.

படத்தப் பாத்து கலர முடிவு பண்றது

இதுலதான் என் காசு போச்சு, இன்னும் எரிச்சல் தீரல, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

மேட்ச்பாக்ஸ் செஞ்ச லெஸ்னி கம்பெனி அந்த வரிசைல எட்டாம் நம்பர்ல ஒரு ஃபோர்டு மஸ்டாங் விட்டாங்க, 1966ல. வெள்ளை பாடி, உள்ள செவப்பு சீட்டு. வேகமா உருளற சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம் வர்றதுக்கு முந்தின வண்டி, சேக்கறவுக ரெகுலர் வீல்னு சொல்லுவாக. வெள்ளை தாராளமாக் கெடைக்கும். ஆனா அதே வண்டி கொஞ்சமா ஆரஞ்சுலயும் வந்திருக்கு, அதுதான் ரேரு. நான் அப்ப புதுசா ஒரு புக்கு வாங்கியிருந்தேன், பிளாஸ்டிக் உறையப் பிரிச்ச உடனே நேரா விலைப் பக்கத்துக்குத்தான் போனேன். ஆரஞ்சு மஸ்டாங், பக்கத்துல ஒரு பெரிய தொகை, எதிர்ப் பக்கத்துல கட்டைவெரல் சைசுல ஒரு படம்.

ரெண்டே வாரத்துல மதுரைப் பக்கம் ஒருத்தர்ட்ட ஆரஞ்சு மஸ்டாங் இருக்குன்னு கேள்விப்பட்டு பஸ் ஏறிட்டேன். அவர் பதினெட்டாயிரம் சொன்னாரு. நான் புக்கையும் தூக்கிட்டுப் போயிருந்தேன், கார படத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தேன், அச்சு அசலா அதே ஆரஞ்சு. "புக்ல போட்டிருக்குண்ணே"ன்னு அவர்ட்டயே சொல்லி, பேரம் பேசி பதினாறாயிரத்து ஐநூறுக்கு முடிச்சு, என்னமோ அவரை ஏமாத்திட்ட மாதிரி சிரிப்ப அடக்கிக்கிட்டு ஊர் வந்து சேந்தேன். அவர் தெரிஞ்சு வித்தாரா தெரியாம வித்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர்ட்ட எனக்கு வருத்தம் இல்ல, என் மேலதான்.

ஒரு வருஷம் கழிச்சு இதுல பழம் தின்னு கொட்டை போட்ட ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தாக. அவுக கலரப் பாக்கவே இல்ல. கார கவுத்துப் போட்டு, நகைக்கடைல வச்சிருப்பாங்களே பத்து மடங்கு லென்சு, அத கண்ணுல வச்சுக்கிட்டு, செல்போன் டார்ச்ச சாய்வாப் புடிச்சாக. "அடித்தகட்டப் பாரு"ன்னாக. அடித்தகடு பாடியோட சேர்ற எடத்துல ரிவெட் (ரெண்டையும் பிணைக்கிற ஆணி) தலை இருக்கணும், கம்பெனில அமுக்குனது காளான் மாதிரி வழவழன்னு விரிஞ்சிருக்கும். என்னோடதுல நடுவுல ட்ரில் போட்ட குழி, அத பசை வச்சு மூடியிருக்கு. அப்புறம் கதவுக் கோடு. ஒரிஜினல்ல கதவோட கோடு ஊசியால கீறுன மாதிரி கூரா இருக்கும், என்னோடதுல பெயிண்ட் போயி அடைச்சு அந்தக் கோடே மழுங்கியிருந்துச்சு. கடைசியா செவப்பு சீட்டுக்குப் பின்னாடி, கூரையோட உள்பக்கம் டார்ச்ச அடிச்சாக. அங்க சின்னதா ஒரு வெள்ளைத் திட்டு. அவ்ளோதான், சோலி முடிஞ்சுது. இருநூறு ரூபா வெள்ளை மஸ்டாங்க யாரோ பிரிச்சு, ஆரஞ்சு அடிச்சு, திரும்ப மூட்டியிருக்காங்க.

கலர் ஏன் அவ்ளோ பொருத்தமா இருந்துச்சுன்னு பெரியவர்ட்ட கேட்டேன். அடிச்சவனும் அதே புக்கப் பாத்துத்தானே அடிச்சிருப்பான்னாக.

நெஞ்சுல குத்துனது அது இல்ல. அன்னைக்கு ராத்திரி அந்த புக்க எடுத்து முத தடவையா முன்பக்கத்துலேர்ந்து படிச்சேன். ஆரஞ்சுக்கு நேரா ஒரு பொடி நட்சத்திரக் குறி இருந்துச்சு, நான் அச்சுப் புள்ளின்னு நெனச்சது. அதுக்கு அர்த்தம் ஒம்பதாம் பக்கத்துல போட்டிருக்கு: இந்தக் கலருக்கு மறுபெயிண்ட் அடிச்சது நெறைய சுத்துது, பிரிச்ச தடம் இருக்கான்னு பாத்து வாங்குங்க. பதினாறாயிரத்து ஐநூறுக்கு ஒம்பதாம் பக்கம்.

படத்துக்கு வர்றேன். அச்சுல ஆரஞ்சு, தங்கம், வெள்ளி இதெல்லாம் சரியா விழவே விழாது, நாலு மசிய வச்சு மெட்டாலிக் பளபளப்ப எப்டி கொண்டு வர்றது? போட்டோ எடுத்த எடத்துல மஞ்ச பல்பு எரிஞ்சா க்ரீம் கலர் மஞ்சளாயிரும். ஒங்க புக்கே ஜன்னலோரம் வெயில்ல கெடந்து வெளுத்திருக்கலாம். அதனால படத்த எதுக்கு வச்சுக்கணும்னா உருவத்துக்கு: சக்கரம் எந்த மாதிரி, கண்ணாடி இருக்கா, சீட்டு என்ன கலர், கொக்கி இருக்கா, அடித்தகட்டுல என்ன எழுத்து. பாடி கலர எழுத்துல படிங்க, கைல இருக்கற வண்டியோட அசலத் தெரிஞ்சுக்க வண்டியத்தான் பாக்கணும். எந்தெந்த கலர்ல வந்துச்சுன்னு புக்கு சொல்லும், ஒங்க கைல இருக்கறது அதுதான்னு அது எங்கயும் சொல்லல.

விலைக் கட்டம்

பிரிட்டிஷ் டைகாஸ்டுக்கு ஜான் ராம்சே கேட்டலாக்கத்தான் பல பேரு வேதம் மாதிரி வச்சிருக்காக, நல்ல புக்குதான், நானும் வச்சிருக்கேன். ஆனா அதுல இருக்கற விலை பவுன்ல, அங்கத்திய சந்தைல, புதுசு மாதிரி இருக்கற வண்டிக்கு, அதோட ஒரிஜினல் பெட்டியோட சேத்து. ஒங்க மாமா வீட்டுப் பரண்ல கெடைச்சது பெயிண்ட் உரிஞ்சு, பெட்டி இல்லாம, ஒரு சக்கரம் வளைஞ்சிருக்கு. அந்த விலைய இன்னைக்கு ரேட்டால பெருக்கி ரூபாய் ஆக்கி விக்கறவர்ட்ட போய் சண்ட போடாதீங்க, நம்ம தம்பி அததான் பண்ணப் பாத்தான். பழைய பதிப்ப சல்லிசா வாங்குங்க, தப்பில்ல, வண்டியோட விவரம் ஒண்ணும் பழசாகாது. விலைப் பத்திய மட்டும் கைய வச்சு மறைச்சுக்கிட்டுப் படிங்க.

அடியில இருக்கற வருஷம்

ஹாட் வீல்ஸ்னு இன்னொரு கம்பெனி வண்டி அடில இருக்கறது அந்த டிசைனுக்கு காப்பிரைட் போட்ட வருஷம். வண்டி செஞ்ச வருஷம் இல்ல.

ஒரே புக்கோட நின்னுக்கறது

லெஸ்னி காலத்து மேட்ச்பாக்ஸ்ல 1லேர்ந்து 75 வரைக்கும்தான் நம்பரு, ஒரு வண்டி நின்னு போச்சுன்னா அதே நம்பர்ல வேற வண்டி வந்துரும். மஸ்டாங்குக்கு முன்னாடி எட்டாம் நம்பர்ல ஓடுனது கேட்டர்பில்லர் டிராக்டரு. அதப் பிரிச்சுக் காட்ட சேக்கறவுக நம்பருக்குப் பின்னாடி ஏ, பி, சின்னு எழுத்து சேத்தாக, அது கம்பெனி போட்டது இல்ல, ஒரு புக்கு எண்ணற மாதிரி இன்னொண்ணு எண்ணாது. ஒரு புக்க வச்சு லிஸ்ட் எழுதி, இன்னொரு புக்க வச்சு வாங்கி, ஒரே டிராக்டர ரெண்டு தடவ வாங்குனவன் நான்.

கார்கின்னு இன்னொரு கம்பெனி வண்டின்னா மார்செல் வான் க்ளீம்புட் எழுதுன தடி புக்கு இருக்கு, அவர் அந்தக் கம்பெனிலயே தலைமை டிசைனரா இருந்தவரு, 1956லேர்ந்து 1983 வரைக்கும் உள்ளேர்ந்தே சொல்லுவாரு. ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டின் ரெண்டு இருக்குல்ல, 1965ல வந்த 261ம் நம்பர் தங்கக் கலரு, 1968ல வந்த 270ம் நம்பர் வெள்ளி. படத்துல வந்த காரு வெள்ளிதானேன்னு வெள்ளிய முதல் வண்டின்னு நெனச்சு வாங்குன ஆளுக எனக்கே மூணு பேரத் தெரியும்.

அதே மாதிரி வெளிநாட்டு புக்குல நம்ம நாட்டுச் சரக்கு ஓரமாத்தான் இருக்கும். டின்கிங்கற இங்கிலாந்து கம்பெனியோட வார்ப்பு அச்சுகள வாங்கி கல்கத்தால நிக்கி டாய்ஸ்னு அடிச்சாங்க, பெயிண்ட் கொஞ்சம் முரடா இருக்கும், அடில டின்கி பேர அழிச்ச தடம் சிலதுல தெரியும். புக்குல பாத்துட்டு டின்கி போலின்னு தூக்கிப் போட்றாதீங்க, நிக்கிய தேடி வாங்கறவுகளும் இருக்காக.

ஸ்கேன் பண்ணுன பிடிஎஃப்

கலருக்கு உதவாது. மேல சொன்னத திரும்பப் படிங்க.

புக்க இரும்புப் பொட்டில பூட்டி வைக்கறது

நம்ம ஊர்க் காத்துல உப்பு இருக்கு, வண்டியோட அச்சுக்கம்பி துருப்பிடிக்கறது கண்ணுக்குத் தெரியும், புக்குக்கு ஆகறது தெரியாது. இந்த மாதிரி புக்கெல்லாம் வழுவழு ஆர்ட் பேப்பரு. வாடைக்காத்து மழைல ஈரம் ஏறுச்சுன்னா பக்கத்தோட பக்கம் ஒட்டிக்கும், இழுத்தா அச்சு உரிஞ்சு வந்துரும். டின்கி புக்கு ஒண்ணுல எனக்கு பதினாறு பக்கம் இப்ப ஒரே பலகை. அப்புறம் ராமபாணப் பூச்சி, ராமேஸ்வரத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டு ராமபாணம் இல்லாமயா, அட்டைல இருக்கற பசையத்தான் முதல்ல திங்கும். பூட்டி வைக்காதீங்க, செவுத்துல ஒட்டாம காத்தாட அலமாரில நிக்க வைங்க, சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க, மாசம் ஒரு தடவையாச்சும் பொரட்டுங்க. பொரட்டுனா ஒம்பதாம் பக்கமும் கண்ணுல படும்.

புக்க இரவல் குடுக்கறது

குடுக்காதீங்க. பெரியபட்டினத்துத் தம்பிட்ட ஒண்ணு குடுத்து விட்டிருக்கேன், நாலு வாரம் ஆச்சு, போன் போட்டா "நாளைக்குக் கொண்டாந்துர்றேன் காக்கா"ங்கறான்.