பஸ்பிரோனும் விட்டுவிட்டு வந்த தலைசுற்றலும்

பதற்றத்துக்காக டாக்டர் பஸ்பிரோன் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார், காலையும் இரவும் ஒவ்வொன்று. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும் என்றும் சொல்லியிருந்தார். இரண்டாவது வாரத்தில் தலைசுற்றல் ஆரம்பித்தது. தினமும் வந்திருந்தால் மருந்துதான் என்று விட்டிருப்பேன். ஒரு நாள் வந்தது, மறுநாள் இல்லை.

முதலில் ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. காபியை நிறுத்தினேன், தலைவலிதான் மிச்சம். கண்ணாடி பவர் மாறிவிட்டதோ என்று அதையும் சோதித்தேன். ஆறு நாள் இப்படியே போனது. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, செய்யவில்லை.

அப்புறம் மாத்திரை போட்ட நேரத்தையும் சுற்றல் வந்த நேரத்தையும் குறித்து வைத்தேன். அந்தத் தாளைப் பார்த்த மருந்தாளுநர் ஒன்றுதான் கேட்டார்: "சாப்பிட்டுவிட்டுப் போட்டீர்களா, வெறும் வயிற்றிலா?" இரண்டும்தான்! அவசரமான காலைகளில் வெறும் வயிறு, மற்ற நாட்களில் சாப்பாட்டுக்குப் பின்.

விஷயம் இதுதான். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேரும் முன்பே கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். சாப்பாட்டுடன் போட்டால் சிதைவது குறையும், ரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எப்படிப் போட்டாலும் தினமும் ஒரே மாதிரி போட வேண்டும். கிரேப்ஃப்ரூட் (ஆரஞ்சு வகைப் பழம்) சாறும் இந்த அளவை ஏற்றும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொன்னார்.

டாக்டரிடம் சொல்லி, எப்போதும் சாப்பாட்டுக்குப் பின் என்று முடிவு செய்தோம். அதற்கேற்ப அளவை அவரே குறைத்தார். நான்காம் நாளிலிருந்து சுற்றல் இல்லை.