இதய உறையில் திரும்பத் திரும்ப நீர் கோர்த்தால்: நுண்துளை அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமாதல்

இதயத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்குள் இயல்பாகவே 15 முதல் 50 மில்லி வரை நீர் இருக்கும். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு குறைபாடு போன்றவற்றால் அது பெருகி, ஊசியால் எடுத்த பிறகும் மறுபடி கோர்த்துக்கொண்டால், உறையில் ஒரு சன்னல் திறந்துவிட மருத்துவர்கள் பரிந்துரைப்பது உண்டு. விலா எலும்புகளுக்கு இடையே இரண்டு, மூன்று சிறு துளைகளிட்டு, கேமராவில் பார்த்தபடியே உறையின் ஒரு துண்டை வெட்டியெடுப்பார்கள்; அதன் பிறகு ஊறும் நீர் நுரையீரலைச் சுற்றியுள்ள இடத்துக்கு வடிந்து, அங்கே உடலால் உறிஞ்சப்படும்.

இதற்காக ஒரு பக்க நுரையீரலைச் சிறிது நேரம் சுருங்க விட வேண்டியிருப்பதால், இரத்த அழுத்தம் சரிந்துவிட்டவருக்கு இம்முறை ஏற்றதன்று. அவருக்கு ஊசியாலோ, நெஞ்செலும்பின் அடிமுனையில் சிறிதாகக் கீறியோ முதலில் நீரை எடுப்பார்கள். ஆகவே ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள், படுத்தால் மூச்சு முட்டுவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. வெட்டியெடுத்த துண்டையும் நீரையும் காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் பரிசோதிக்க அனுப்புவார்களா என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை, ஏனெனில் சன்னல் நீரை வடிக்குமே தவிர, ஊறும் காரணத்தைப் போக்காது. காசநோய் என்று தெரிந்தால் அதற்கான மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், சேர்க்கும்போதே காப்பீட்டுப் பிரிவில் காட்டி விசாரித்துக்கொள்ளலாம்.

அறுவைக்குப் பின் மார்பிலிருந்து ஒரு குழாய், கட்டிலுக்குக் கீழே உள்ள நீர் நிரம்பிய பாட்டிலுக்கு வரும். நோயாளி மூச்சு இழுத்துவிடும்போது குழாய்க்குள் நீர்மட்டம் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அது திடீரென நின்றாலோ, வடிவது சுத்த இரத்தமாக மாறினாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும்போதும் பாட்டில் மார்பு மட்டத்துக்கு மேல் உயரக் கூடாது. மூன்று பந்துகள் கொண்ட கருவியில் மூச்சுப் பயிற்சியை, வலித்தாலும், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடாமல் செய்ய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலில் சளி தேங்கிவிடும்.

குழாயை எடுத்த மறுநாளே மலையேறிவிடாமல், முடிந்தால் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கி, மறு எக்கோவில் (இதய ஸ்கேனில்) நீர் கோர்க்கவில்லை என்று உறுதியான பிறகு ஊர் திரும்புங்கள்.