மீன்களைக் காரில் கொண்டு செல்லும் முறை

வண்டியின் குலுக்கலைவிட, அடைத்த பைக்குள் மீன் தானே வெளியேற்றும் கழிவுதான் அதற்குப் பெரிய ஆபத்து. ஆகவே புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே, பெரிய மீன்களானால் 48 மணி நேரத்துக்கு முன்பே, இரை போடுவதை நிறுத்திவிட வேண்டும். வளர்ந்த, நோயற்ற மீன் இந்தப் பட்டினியை எளிதில் தாங்கும். வயிறு நிறைந்த மீனோ வழியிலேயே நீரை அம்மோனியாவால் கெடுத்துவிடும்.

பையில் தொட்டி நீரையே ஊற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி காற்று என்பதே சரியான அளவு. நீரை நிறைய ஊற்றுவது மீனுக்கு நல்லது என்று தோன்றினாலும், அது சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனுக்கான இடத்தையே பறிக்கிறது. பையின் அடி மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் சிறு மீன்கள் அங்கே ஒடுங்கி நசுங்காது. அதன்மேல் இன்னொரு பையை மாட்டி, படுக்கவைத்தால் நீரின் மேற்பரப்பு அகலமாகும். முள்ளுள்ள கெளுத்தி வகைகளுக்குப் பை ஆகாது, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவே ஏற்றது. ஃபைட்டர் மீன்களைத் தனித்தனியே அடைக்க வேண்டும். அவை மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை என்பதால் சாதாரணக் காற்றே போதும்.

பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, இடைவெளிகளில் துணியைத் திணித்து மூடுங்கள். வெப்பநிலை சட்டென்று மாறாது, இருட்டில் மீனும் அமைதியாக இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியைச் சிறிது நேரம்கூட விட்டுச் செல்லக் கூடாது. தொட்டியையும் மாற்றுவதானால் அதைக் காலி செய்துதான் தூக்க வேண்டும், நீரின் எடையில் கண்ணாடி இணைப்புகள் விட்டுவிடும். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அலசாமல், பழைய தொட்டி நீரில் நனைந்தபடியே எடுத்துச் செல்லுங்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் அதில்தான் வாழ்கின்றன.

உண்மையில் கவனம் தேவைப்படுவது போய்ச் சேர்ந்த பிறகு, பையைத் திறக்கும் நேரத்தில்தான். நெடும்பயணத்தில் மீன் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு நீரை அமிலத்தன்மைக்குத் தள்ளுவதால், சேர்ந்திருக்கும் அம்மோனியாவின் பெரும்பகுதி கேடு குறைந்த அம்மோனியமாக மாறியிருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, நீரின் அமிலத்தன்மை குறைந்து, அம்மோனியா மீண்டும் நஞ்சாகிறது. அதனால் பல மணி நேரம் பயணித்த மீன்களுக்குத் துளித்துளியாகப் புதிய நீர் சேர்க்கும் பழக்கம் நன்மையைவிடத் தீமையே செய்யும். கட்டியபடியே பையைத் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமானதும் திறந்து, வலையால் மீனை உடனே தொட்டியில் விடுங்கள். பை நீரைக் கொட்டிவிடுங்கள். பழைய தொட்டி நீரில் பாதியையாவது மூடிய கேன்களில் கொண்டுவந்து தொட்டியை நிரப்பியிருந்தால், இந்த வேகமான மாற்றம் மீனை அதிகம் பாதிக்காது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணமானால் மட்டும் நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து நிதானமாக விடலாம்.

அன்று விளக்கைப் போடாதீர்கள், இரையும் வேண்டாம். மறுநாள் சிறிதளவு போட்டு, முதல் வாரம் முழுவதும் அம்மோனியா அளவைச் சோதித்து வாருங்கள்.