தோல்விச் செய்தி மட்டும் டிஸ்கார்டுக்கு வராமல் போனது: நான் சரிசெய்த விதம்

இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் முடிந்ததும் டிஸ்கார்டு (அரட்டைச் செயலி) சேனலுக்கு வெப்ஹுக் (சேனலுக்குச் செய்தி போட உதவும் தனி இணைய முகவரி) வழியே செய்தி அனுப்ப, ஒரு சிறிய பைத்தான் லைப்ரரியை வைத்திருந்தேன். வெற்றிச் செய்தி ஒழுங்காக வரும். பேக்கப் தோற்ற இரவுகளில் மட்டும் சேனல் அமைதியாக இருக்கும். எப்போது செய்தி வேண்டுமோ அப்போதுதான் வராது.

காரணம் நீளம். டிஸ்கார்டில் ஒரு செய்தியின் உரை 2000 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தோல்வியோடு வரும் டிரேஸ்பேக் (பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் நீண்ட அறிக்கை) அதைத் தாண்டிவிடும். டிஸ்கார்டு சர்வர் 400 (கோரிக்கை தவறு) என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடும். லைப்ரரியோ அந்தப் பதிலைப் பார்க்காமலேயே வேலை முடிந்தது என்று திரும்பிவிடும்.

சரி, அந்த லைப்ரரியை நீக்கிவிட்டு ரெக்வெஸ்ட்ஸ் (இணையக் கோரிக்கை அனுப்பும் பைத்தான் லைப்ரரி) கொண்டு நானே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். பைத்தான் டிரேஸ்பேக்கில் உண்மையான பிழை கடைசி வரியில்தான் இருக்கும். அதனால் தலையை வெட்டி, கடைசி 1900 எழுத்துகளை மட்டும் அனுப்புகிறேன். முழு லாக் தேவைப்பட்டால் அதே வெப்ஹுக்கில் கோப்பாகவே இணைக்கலாம்.

பதில் 429 என்றால் வேகம் அதிகம் என்று பொருள். எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதைப் பதிலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு காத்திருந்து மறுபடி அனுப்பினால் போதும். வேறு பிழை வந்தால் ஸ்கிரிப்ட் சத்தமாக நிற்க வேண்டும், விழுங்கவே கூடாது.

அப்புறம், டைம்அவுட் (பதிலுக்காகக் காத்திருக்கும் கால வரம்பு) கட்டாயம் கொடுங்கள். ரெக்வெஸ்ட்ஸில் அது தானாக இருக்காது. மறுமுனை பதில் சொல்லாவிட்டால் பேக்கப்பும் சேர்ந்து தொங்கும். நான் 10 நொடி வைத்திருக்கிறேன்.