தூரிகைப் பிசிறோடு ஒரு தமிழ்த் தலைப்பு எழுத்துரு

கையால் வரைந்த எழுத்துருவில் ஒரே பிசிறு இரண்டு இடத்தில் வந்தால் அச்சு என்று கண் பிடித்துவிடும். தமிழில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ‘அப்பா’, ‘தாத்தா’, ‘வெல்லம்’ என்று மெய் இரட்டித்துக்கொண்டே இருக்கிற மொழி இது. அதனால் புள்ளி வைத்த மெய் 18-ஐயும் தனியாக வரைந்துவிடுங்கள். அகரமேறிய மெய்யின் மேல் புள்ளியை ஒட்டிச் சமாளிக்க வேண்டாம்.

247 எழுத்தையும் வரையத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, புள்ளி மெய் 18, உகர ஊகார வரிசை 36, டி, டீ, கால், கொம்பு முதலிய குறிகள், கிரந்தம் எல்லாம் சேர்த்துச் சுமார் நூறு வடிவம் போதும்.

அரை அங்குலத் தட்டைத் தூரிகை, கறுப்பு இந்தியன் இங்க், சொரசொரப்பான தாள். எழுத்து உயரம் 6 செ.மீ. இங்கில் தோய்த்ததும் தூரிகையைத் துணியில் ஒருமுறை ஒற்றி எடுங்கள். கோட்டின் முடிவில் வறண்ட பிசிறு வரும். ஒவ்வொரு எழுத்தையும் ஐந்து முறை எழுதி, இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிக்குள் இங்க் தேங்கி அடைத்துவிடும், அங்கே தூரிகையைச் சாய்த்து மெல்லிய பக்கத்தால் இழுக்க வேண்டும். ‘ர’வின் கீழ் வாலைப் பிசிறு தின்றுவிட்டால் அது காலாகிவிடும், ‘கர’ என்பது ‘கா’ ஆகும். வாலை மட்டும் தயங்காமல் அழுத்தி எழுதுங்கள்.

600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் டிரேஸ் பிட்மேப்பில் வெளிக்கோடாக்குங்கள். இங்கேதான் பலருக்குச் சறுக்கும். சொரசொரப்பு முழுவதையும் காப்பாற்றப் பார்த்தால் ஒரு எழுத்தின் வெளிக்கோட்டுக்கே ஆயிரம் கணுப்புள்ளி (நோட்) வந்து, கோப்பு கனத்துப்போகும். தூசிப்பொட்டுகளை நீக்கி, சிம்ப்ளிஃபை கொடுத்து, 150 கணுப்புள்ளிக்குள் கொண்டுவாருங்கள்.

எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் எம் அளவு, அதாவது எழுத்துச் சதுரத்தின் உயரம், 1000 அலகு. தனிக்குறியாக வரும் மேல்விலங்கு (‘கி’யில் உள்ள வளைவு) எழுத்தின் வலது விளிம்பில் 20–30 அலகு ஏறி உட்கார வேண்டும், இல்லையென்றால் வெள்ளைக் கீற்று தெரியும். தமிழுக்கான ஸ்கிரிப்ட் குறி ‘டிஎம்எல்2’ (tml2). மெய்யும் புள்ளியும் சேர்ந்து புள்ளி மெய்யாகும் விதியை ஹாலன்ட் ஃபார்ம்ஸ் (haln) என்ற எழுத்துரு அம்சத்தில் எழுதுங்கள். கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்த விதி வேண்டாம், அதை மென்பொருளே செய்யும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் கொம்பு பின்னால் போய் நின்றால் குற்றம் எழுத்துருவில் இல்லை. டைப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். ‘மாமா’ போன்ற சொற்களுக்காக ம, க, த, ப ஆகியவற்றின் இரண்டாம் வடிவத்தை, பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸில் (calt) சேருங்கள்.

சுவரொட்டி, கடைப்பலகை, பொட்டலத்தின் முகப்பு, அட்டைத் தலைப்பு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். 36 பாயின்ட்டுக்குக் கீழே புள்ளியும் பிசிறும் ஒன்றாகிவிடும், உடன்வரும் விவரங்களுக்குச் சாதாரண எழுத்துருவே வையுங்கள். வினைல் ஸ்டிக்கர் வெட்டக் கொடுப்பதானால், பிசிறு குறைந்த இன்னொரு பதிப்பு கட்டாயம் வேண்டும். பிளாட்டர் கத்தி நுண்ணிய முனைகளில் திரும்பும்போது வினைலைக் கிழிக்கும். சிறு துணுக்குகள் உரிக்கும்போதே பிய்ந்து வந்துவிடும்.