கவுண்டர் வேலையோடு ஜேஏஐஐபி: நான்கு தாளையும் ஒரே தடவையில் எழுதுவது எப்படி

வங்கிக் கிளையில் வேலை பார்த்துக்கொண்டே, வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வை எழுதுபவர்களில் பலர் போடும் முதல் கணக்கு: "இந்தத் தடவை ரெண்டு தாள், அடுத்த தடவை ரெண்டு தாள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தேர்ச்சி விதியைப் படித்தவர்கள் அப்படிப் பிரிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு தாளிலும் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. இதைத் தவிர இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. நான்கு தாளையும் ஒரே முயற்சியில் எழுதி, எதிலும் 45-க்குக் குறையாமல், மொத்தம் 400-க்கு 200 எடுத்தாலும் தேர்ச்சிதான். அக்கவுண்டிங் தாளில் 46 வாங்கியவரை ரீடெய்ல் பேங்கிங் தாளில் வாங்கிய 60 தூக்கிவிடும். பிரித்து எழுதியவருக்கு அதே 46 தோல்வி. முதல் வகுப்புக்கும் (மொத்தத்தில் 60 சதவீதம்) இதே கதைதான். முதல் முயற்சியிலேயே எல்லாத் தாளும் தேறியிருக்க வேண்டும்.

முயற்சிகளுக்கும் வரம்பு உண்டு: மூன்று ஆண்டுக்குள் அதிகபட்சம் ஐந்து. விண்ணப்பித்துவிட்டு, லீவு கிடைக்கவில்லை என்று தேர்வுக்குப் போகாமல் இருந்தாலும் ஒரு முயற்சி கழிந்துவிடும். தேறிய தாள்களின் மதிப்பு இந்தக் காலவரம்பு வரைதான் நிற்கும். அதற்குள் முடிக்காவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

விண்ணப்பிக்கும் முன்

தேர்வை நடத்துவது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ், சுருக்கமாக ஐஐபிஎஃப். முதலில் அதில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினர் எண் வந்த பிறகுதான் தேர்வு விண்ணப்பம். தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு இங்கேயே சிக்கல் தொடங்கிவிடும். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், பான் கார்டில் வேறு வரிசையில் இருக்கும், வங்கி அடையாள அட்டையில் வெறும் இனிஷியல் இருக்கும். தேர்வு மையத்துக்கு எந்த அசல் அடையாள அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து உறுப்பினர் பதிவைப் போடுங்கள். பிறகு திருத்தலாம் என்று விட்டால், ஹால் டிக்கெட் வந்த வாரத்தில் அலைய நேரிடும்.

தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்கத் தேவையில்லை. நீங்கள் தினமும் பார்க்கும் சர்க்குலர் எந்த ஆங்கிலத்தில் இருக்கிறதோ, அதே ஆங்கிலம்தான் கேள்வித்தாளிலும். பொருளாதாரப் பகுதியில் வரும் சொற்களுக்கு மட்டும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டால் போதும்.

ஆண்டுக்கு இரண்டு சுற்று நடக்கும். மே மாதத்தை ஒட்டி எழுதுபவர்களின் படிப்புக் காலத்தில் மார்ச் இயர்-எண்ட் கணக்கு முடிப்பு (குளோசிங்) குறுக்கே வரும். அக்டோபர், நவம்பரை ஒட்டி எழுதுபவர்களுக்குச் செப்டம்பர் அரையாண்டு முடிவு வரும். இரண்டில் செப்டம்பர்தான் தாங்கக்கூடியது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த மாதத்தின் கடைசி இரண்டு வாரத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். "குளோசிங் நேரத்திலும் ஒரு மணி நேரம் படிப்பேன்" என்று எழுதிவைத்த அட்டவணைகள் ஏப்ரலில் யாருடைய மேஜையிலும் இருப்பதில்லை.

நேரக் கணக்கு

16 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் காலையில் ஒரு மணி நேரம். டே-எண்ட் (அன்றைய கணக்கு) முடித்துவிட்டு வந்து இரவில் படிப்பது முதல் வாரத்தோடு நின்றுவிடும், அதை நம்ப வேண்டாம். விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் நான்கு மணி நேரம், ஞாயிறுகளில் மூன்று மணி நேரம். காகிதத்தில் 155 மணி நேரத்துக்கு மேல் வரும். குளோசிங், கல்யாணம், காய்ச்சல் எல்லாம் போக 125 கையில் நிற்கும்.

அதை நான்காக வகுத்து 31 மணி நேரம் என்று பிரிக்காதீர்கள். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் தாளுக்கு 45, பிரின்சிபிள்ஸ் அண்ட் பிராக்டிசஸ் தாளுக்கு 30, இந்தியப் பொருளாதாரமும் நிதி அமைப்பும் பற்றிய தாளுக்கு 30, ரீடெய்ல் பேங்கிங் அண்ட் வெல்த் மேனேஜ்மென்ட் தாளுக்கு 20. காமர்ஸ் படித்தவர்கள் அக்கவுண்டிங் தாளிலிருந்து பத்து மணி நேரத்தை எடுத்துப் பொருளாதாரத்துக்குக் கொடுக்கலாம்.

தொடங்குவது அக்கவுண்டிங்கில்தான். கணக்குக்குக் கை பழக வேண்டும், அது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. பொருளாதாரத்தில் மனப்பாடம் அதிகம், தேர்வுக்கு நெருக்கமாக வைத்தால்தான் தங்கும்.

அக்கவுண்டிங் தாள்: வங்கிக்காரரே வழுக்கும் இடம்

பேங்க் ரிகன்சிலியேஷன் கணக்கில் (கேஷ் புக்கையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) வெளியாட்களைவிட வங்கி ஊழியர்கள்தான் அதிகம் தப்பு செய்கிறார்கள். காரணம் பழக்கம். வாடிக்கையாளரின் டெபாசிட் வங்கிக்குக் கடன். ஆகவே உங்கள் திரையில் பணம் இருப்பது கிரெடிட் பேலன்ஸ், டெபிட் என்றால் ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்பைவிட அதிகமாக எடுத்தது. வாடிக்கையாளரின் கேஷ் புக்கிலோ வங்கியில் உள்ள பணம் அவருடைய சொத்து, எனவே அது டெபிட் பேலன்ஸ். கேள்வியில் "கேஷ் புக்கில் டெபிட் பேலன்ஸ் ரூ.50,000" என்று பார்த்ததும் கவுண்டர் மூளை அதை ஓவர்டிராஃப்டாகப் படித்துவிடும்; அதன் பிறகு போடுகிற கூட்டல் கழித்தல் எல்லாமே தலைகீழ்.

ஒரு கணக்கு. கேஷ் புக் டெபிட் 50,000. கொடுத்தும் இன்னும் பணமாகாத காசோலை 12,000. இது வங்கியில் இன்னும் கழியவில்லை, கூட்டுங்கள். கலெக்ஷனுக்குப் போட்டு இன்னும் வராதது 8,000, கழியுங்கள். வங்கி எடுத்து கேஷ் புக்கில் ஏறாத சார்ஜ் 500, கழியுங்கள். பாஸ்புக்கில் கிரெடிட் 53,500. தொடங்கும் முன் "இது யாருடைய புத்தகம்?" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டால் இந்தத் தவறு நிற்கும்.

அடுத்தது இஎம்ஐ. கிளையில் மென்பொருள் போட்டுக் கொடுத்துவிடுகிறது, அதனால் சூத்திரம் கையில் இல்லை. தேர்வில் சயன்டிஃபிக் கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம், 12 மாதம் என்றால் மாத வட்டி 0.01. 1.01-இன் பன்னிரண்டாம் அடுக்கு வேண்டும். 1.01-ஐப் பன்னிரண்டு தடவை அடித்துக்கொண்டிருக்காதீர்கள். மூன்றாம் அடுக்கு 1.030301, அதை அதனாலேயே பெருக்கினால் ஆறாம் அடுக்கு 1.061520, மறுபடியும் அதையே அதனால் பெருக்கினால் பன்னிரண்டாம் அடுக்கு 1.126825. அசல், மாத வட்டி, இந்த எண் மூன்றையும் பெருக்கி, அதே எண்ணில் ஒன்றைக் கழித்து வரும் 0.126825-ஆல் வகுத்தால் ரூ.8,884.88. நேரம் மிச்சமாகட்டும் என்று 1.13 என்று முழுமையாக்கினால் விடை 8,692-க்குப் போய்விடும். ஆறு தசம இடம் வரை விடாதீர்கள்.

தேய்மானம் எளிது: ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம், நேர்கோட்டு முறையில் மூன்று ஆண்டு முடிவில் 70,000, குறையும் மதிப்பு முறையில் 72,900. எந்த முறை என்று கேள்வியில் பார்த்தாலே மதிப்பெண்.

தெரிந்த விஷயம் என்று விடுகிற தாள்கள்

பிரின்சிபிள்ஸ் தாளையும் ரீடெய்ல் தாளையும் "தினமும் செய்யறதுதானே" என்று விடுகிறவர்கள் 43, 44-இல் நிற்பார்கள். கிளையில் தெரிவது உங்கள் வங்கியின் நடைமுறை; கேள்வி வருவது சட்டத்திலிருந்தும் ரிசர்வ் வங்கி விதியிலிருந்தும்.

சேமிப்புக் கணக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் வாடிக்கையாளர் தரப்புப் பரிவர்த்தனை இல்லாமல் இருந்தால் இனாபரேட்டிவ், அதாவது செயல்படாத கணக்கு. உங்கள் மென்பொருள் அதற்கு முன்பே கணக்கை வேறு நிலைக்கு மாற்றிக் காட்டலாம். அது தேர்வுக்கு விடை ஆகாது. வங்கி வரவு வைக்கும் வட்டியும் வாடிக்கையாளர் பரிவர்த்தனையாக எண்ணப்படாது. கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள விவரம்) புதுப்பித்தல் அதிக ரிஸ்க் வாடிக்கையாளருக்கு 2 ஆண்டு, நடுத்தரத்துக்கு 8, குறைந்ததற்கு 10. வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் தரலாம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. காசோலை திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் காசோலை கொடுத்தவருக்கு நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். இந்த மாதிரி எண்களை ஒரே காகிதத்தில் எழுதி, பக்கத்தில் "நம்ம பிராஞ்சில் எப்படி" என்று இரண்டாவது நெடுவரிசை போடுங்கள். இரண்டும் வேறுபடுகிற வரிகளில்தான் உங்களுக்கு மதிப்பெண் போகும்.

எந்தத் தேதி வரை படிப்பது

ஐஐபிஎஃப் இதற்குத் தெளிவான விதி வைத்திருக்கிறது, ஆனால் முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. பிப்ரவரி முதல் ஜூலை வரை நடக்கும் தேர்வுக்கு முந்தைய டிசம்பர் 31 வரை வந்த உத்தரவுகள். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நடக்கும் தேர்வுக்கு ஜூன் 30 வரை.

எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) வரையறை இதற்கு நல்ல உதாரணம். 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவனத்துக்கு முதலீட்டு வரம்பு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. அதற்கு முன் 1 கோடி, 5 கோடி. கிளையில் புதிய வரம்பை வைத்துக் கடன் கொடுத்துக்கொண்டே 2025 மே மாதத் தேர்வு எழுதப் போனவருக்கு, இந்த விதிப்படி பழைய எண்தான் விடை. அதே ஆண்டு அக்டோபருக்குப் பிறகு எழுதியவருக்குப் புதியது. டெலிகிராமில் சுற்றும் நோட்ஸில் இரண்டும் கலந்து கிடக்கும். தேதி இல்லாத நோட்ஸைத் திறக்கவே வேண்டாம். ஐஐபிஎஃப்-இன் பாடப் புத்தகத்தை அடிப்படையாக வைத்து, மாறிய எண்ணை மட்டும் பென்சிலால் தேதியோடு குறித்துக்கொள்வது பாதுகாப்பு.

தேர்வு அறையில்

இரண்டு மணி நேரம், சுமார் 100 கேள்வி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, எனவே ஒன்றையும் காலியாக விடாதீர்கள். முதல் 60 நிமிடத்தில் நேரடிக் கேள்விகளை முடித்துவிட்டு, கணக்கையும் பத்தி கொடுத்துக் கேட்பவற்றையும் மார்க் செய்துவிட்டுப் போங்கள். பத்தியில் முதலில் கேள்வியைப் படியுங்கள். பாதிக் கேள்விகளுக்கு ஒரே ஒரு வரிதான் தேவைப்படும். கடைசி ஐந்து நிமிடம் விடுபட்டவற்றை நிரப்ப.

ரிசல்ட் வந்ததும் மதிப்பெண் பட்டியலை எச்ஆருக்கு உடனே அனுப்புங்கள். பொதுத்துறை வங்கிகளில் ஜேஏஐஐபிக்கு ஓர் இன்கிரிமென்ட் உண்டு. எந்தத் தேதியிலிருந்து சேர்ப்பது, தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதா என்பதெல்லாம் உங்கள் வங்கியின் சர்க்குலரில் இருக்கும். கட்டண ரசீதை விண்ணப்பித்த அன்றே சேமித்து வையுங்கள். இதற்கு அடுத்த நிலைத் தேர்வான சிஏஐஐபி எழுதுவதாக இருந்தால் அடுத்த சுற்றுக்கே பதியலாம், அக்கவுண்டிங் சூத்திரங்கள் கையில் சூடாக இருக்கும்போதே.